கிளியின் மூக்கு

கிளிமூக்கு மாங்காய் உங்களுக்குத் தெரியும். அதன் நுனி வளைந்திருக்கும். உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்போம். கிளியின் அலகைப் போல இருப்பதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது.

அலகு என்று எழுதுகிறோம். பேசும்போது கிளியின் மூக்கு என்றுதான் சொல்கிறோம். இந்தப் பாடத்திலும் மூக்கு என்றே சொல்வோம்.

கூண்டில் இருக்கும் கிளிக்குச் சில நேரம் மூக்கு அளவுக்கு மேல் வளர்ந்து விடும். அப்போது என்ன செய்வது? நாமே வெட்டி விடலாமா? எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். கேளுங்கள்.

மாலை வகுப்பில்

எங்கள் ஊர் பம்பூ பிளாட். தெற்கு அந்தமானில் இருக்கிறது. எதிர்க்கரையில் சாத்தாம். அங்கே இறங்கினால் ஸ்ரீ விஜயபுரம் நகரம். 2024 செப்டம்பர் வரை அந்த நகரத்துக்குப் போர்ட் பிளேயர் என்று பெயர். எங்கள் ஊரில் பலர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் இங்கே எழுத்தறிவு வகுப்பு நடத்துகிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் வகுப்பு. வேலை முடிந்து அக்காமார், அண்ணன்மார் வருவார்கள்.

ஒரு நாள் ஓர் அக்கா வரவில்லை. அவர் ஒரு நாளும் தவறாமல் வருபவர். ஏழு மணிக்கு ஓடி வந்தார். கையில் புத்தகம் இல்லை. சேலை முந்தானையில் ரத்தம்.

"தம்பி, மிட்டு செத்துப் போயிடும் போல இருக்கு. கொஞ்சம் வந்து பாரு" என்றார்.

மிட்டு என்பது அவர் வளர்த்த கிளி. மூன்று ஆண்டுக்கு முன் பெருங்காற்றில் ஒரு மரம் சாய்ந்தது. மரப் பொந்தில் இருந்த குஞ்சு கீழே கிடந்தது. இறகு கூட முளைக்கவில்லை. அக்கா எடுத்து வந்து ஊட்டி வளர்த்தார். அவருடைய பிள்ளைகள் படிப்புக்காக சென்னைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணை மிட்டுதான்.

நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். கிளி கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. இறகுகளை உப்பிக் கொண்டிருந்தது. மூக்கின் நுனியிலிருந்து ரத்தம் சொட்டியது. பக்கத்தில் ஒரு நகவெட்டி கிடந்தது.

"மூக்கு ரொம்ப நீண்டு போச்சு. சாப்பிட முடியலை. நகம் மாதிரிதானே, வெட்டினா வலிக்காதுன்னு நினைச்சேன்" என்று அக்கா அழுதார்.

நகம் மாதிரிதானா?

அக்கா நினைத்தது பாதி சரி. பாதி தவறு.

கிளியின் மூக்குக்கு மேலே ஓர் உறை இருக்கிறது. நம் நகமும் மாட்டின் கொம்பும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே வகைப் பொருளால் ஆனது அது. அது வளர்ந்து கொண்டே இருக்கும். இதுவரை சரி.

உறைக்கு உள்ளே என்ன இருக்கிறது? எலும்பு இருக்கிறது. எலும்புக்கும் உறைக்கும் நடுவில் ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. நரம்புகளும் இருக்கின்றன. கிளி மூக்கு நுனியால் தொட்டுப் பார்த்துத்தான் காயா பழமா, கல்லா விதையா என்று தெரிந்து கொள்கிறது. நமக்கு விரல் நுனி எப்படியோ, கிளிக்கு மூக்கு நுனி அப்படி.

மூக்கு நீளமாக வளரும்போது உள்ளே இருக்கும் ரத்தக் குழாயும் சில நேரம் சேர்ந்து நீளும். வெளியே பார்த்தால் தெரியாது. வெட்டினால் குழாய் அறுந்து விடும்.

ரத்தம் கொஞ்சம் போனால் என்ன என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம்.

பெரிய பச்சைக்கிளியின் எடை ஏறத்தாழ 250 கிராம். பறவையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் ரத்தம். அப்படியானால் கிளியின் உடம்பில் மொத்தமே 25 மில்லி ரத்தம். ஒரு சிறு கரண்டியில் 5 மில்லி பிடிக்கும். கிளியின் உடம்பில் ஐந்து சிறு கரண்டி ரத்தம்தான் இருக்கிறது. ஒரு கரண்டி போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள்.

நமக்குச் சில சொட்டு. கிளிக்கு அது உயிர்.

நகவெட்டியால் இன்னொரு கேடும் உண்டு. அது மூக்கை நசுக்கும். விரிசல் விடும். விரிசல் மேலே ஏறினால் மூக்கே பிளந்து போகும். மூக்குப் பிளந்த கிளி எப்படித் தின்னும்?

அன்று இரவு செய்தது

கடைசிப் படகுக்குப் போனாலும் மருத்துவமனை மூடியிருக்கும். எனக்குத் தெரிந்த கால்நடை உதவியாளர் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் சொன்னபடி செய்தோம்.

சுத்தமான துணியால் ரத்தம் வரும் இடத்தை மெதுவாக அழுத்தினோம். பிறகு சோள மாவை நுனியில் மட்டும் வைத்து அழுத்தினோம். சோள மாவு இல்லாவிட்டால் கோதுமை மாவும் போதும். மூக்குத் துளைக்குள்ளும் வாய்க்குள்ளும் மாவு போகக் கூடாது. சில நிமிடங்களில் ரத்தம் நின்றது.

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பேஸ்ட் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எதையும் போடவில்லை. கிளி மூக்கில் போட்டது எல்லாம் கிளி வயிற்றுக்குள் போகும்.

பிறகு கூண்டைத் துணியால் மூடி, சந்தடி இல்லாத இடத்தில் வைத்தோம். இருட்டில் பறவை அமைதியாக இருக்கும். படபடத்தால் மறுபடியும் ரத்தம் வரும்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். கிளியைப் பிடிக்கும்போது மார்பை அழுத்தக் கூடாது. நாம் மூச்சு விடும்போது நெஞ்சுக்குக் கீழே ஒரு தசை மேலும் கீழும் அசைகிறது. பறவைக்கு அந்தத் தசை இல்லை. மார்பு எலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. மார்பை இறுக்கிப் பிடித்தால் நம் கையிலேயே மூச்சு முட்டிச் செத்துப் போகும். துண்டால் தளர்வாகச் சுற்றி, தலையின் இரு பக்கமும் விரலால் பிடித்தால் போதும்.

படகில் போன கிளி

மறுநாள் காலை முதல் படகில் கிளம்பினோம். பெரிய கூண்டு வேண்டாம், ஆடும், கிளி அடிபடும் என்று உதவியாளர் சொல்லியிருந்தார். ஓர் அட்டைப் பெட்டி எடுத்தோம். பக்கங்களில் ஓட்டை போட்டோம். அடியில் பழைய துணி விரித்தோம். தண்ணீர்க் கிண்ணம் வைக்கவில்லை. அது கொட்டிக் கிளி நனையும். தண்ணீருக்குப் பதிலாக ஒரு துண்டு பப்பாளி வைத்தோம்.

படகில் இயந்திரப் புகை வரும் பக்கம் உட்காரவில்லை. வெயில் படும் பக்கமும் உட்காரவில்லை. பறவையின் நுரையீரல் மென்மையானது. புகை ஆகாது.

கூண்டின் அடியில் விரித்திருந்த காகிதத்தையும் மடித்து எடுத்துக் கொண்டோம். அதில் கிளியின் எச்சம் இருந்தது. "இதை எதுக்குத் தம்பி தூக்கிட்டு வரே?" என்று அக்கா கேட்டார். மனிதருக்கு மலம், சிறுநீர் சோதனை செய்கிறார்கள் அல்லவா? அதுபோலத்தான். எச்சத்தின் நிறத்தைப் பார்த்தே டாக்டர் பல செய்திகளைத் தெரிந்து கொள்வார்.

டாக்டர் என்ன செய்தார்?

சாத்தாமில் இறங்கிக் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். மாடு, ஆடு, நாய், கோழி எல்லாம் வந்திருந்தன. கிளிக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

டாக்டர் இந்தியில் பேசினார். அக்காவுக்கு இந்தி நன்றாகப் பேச வரும். படிக்கத்தான் வராது. அவர்கள் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

டாக்டர் உடனே மூக்கைத் தொடவில்லை. பெட்டிக்குள் இருந்த கிளியைத் தூரத்திலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். எப்படி மூச்சு விடுகிறது, வால் ஆடுகிறதா, கண் பளிச்சென்று இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சிறிய தராசில் நிறுத்தார். துண்டால் சுற்றி, மார்பு எலும்பையும் வயிற்றையும் தடவிப் பார்த்தார். எச்சக் காகிதத்தைப் பார்த்தார்.

"என்ன தீனி கொடுக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டார்.

"நான் சாப்பிடறதெல்லாம் கொடுப்பேன் டாக்டர். சோறு, டீயில நனைச்ச பிஸ்கட்டு, தேங்காய். சூரியகாந்தி விதைன்னா உயிரை விடும். அதுதான் நிறைய."

"கடித்து விளையாட மரக்கட்டை ஏதாவது உண்டா?"

"இல்லைங்க. இரும்புக் கூண்டுதான்."

டாக்டர் தலையை ஆட்டினார். பிறகு மூக்கைப் பார்த்தார். நகவெட்டி பட்ட இடம் பிசிறாக இருந்தது. விரிசல் மேலே ஏறவில்லை. அக்காவின் நல்ல காலம்.

அரம் போன்ற ஒரு சிறு கருவியை எடுத்தார். வெட்டவில்லை. தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பார், நிறுத்துவார், பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். ஒரே நாளில் முழு அளவுக்குக் கொண்டு வரவில்லை. ரத்தக் குழாய் உள்ளே தள்ளிப் போக நாள் பிடிக்கும், இரண்டு மூன்று தடவையாகச் செய்ய வேண்டும் என்றார். ரத்தத்தை நிறுத்தும் பொடி பக்கத்தில் தயாராக இருந்தது. அது தேவைப்படவில்லை.

எல்லாம் முடியப் பத்து நிமிடம்தான் ஆனது.

மூக்கு ஏன் நீண்டது?

வேலை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "அம்மா, மூக்கைத் தேய்த்து விட்டேன். ஆனால் மூக்கு நீண்டது நோய் இல்லை. நோயின் அடையாளம். காரணத்தைச் சரி செய்யாவிட்டால் மறுபடியும் நீளும்."

கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்து என்ன பயன்? அதுபோலத்தான் இதுவும். காரணங்களைப் பார்ப்போம்.

முதல் காரணம், கடிக்க ஒன்றும் இல்லாமை. காட்டில் கிளி நாள் முழுவதும் கொட்டையை உடைக்கும், பட்டையை உரிக்கும், பொந்தைக் கடித்துப் பெரிதாக்கும். மரம் ஏறும்போது மூக்கை மூன்றாவது கால் போல ஊன்றும். இப்படி ஒரு பக்கம் வளர, ஒரு பக்கம் தேயும். வளர்ச்சியும் தேய்மானமும் சமமாக இருக்கும். அதனால் நோயில்லாத காட்டுக் கிளிக்கு மூக்கு வெட்ட ஆள் வேண்டாம். இரும்புக் கூண்டில் சோறு தின்னும் கிளிக்கு எதைக் கடித்து மூக்குத் தேயும்?

இரண்டாவது காரணம், ஈரல் கெடுதல். சூரியகாந்தி விதையிலும் தேங்காயிலும் கொழுப்பு அதிகம். பறக்காத கிளிக்கு அந்தக் கொழுப்பு செலவாகாது. ஈரலில் போய்ச் சேரும். ஈரல் கெட்டால் மூக்கு தாறுமாறாக வளரும். மிட்டுவின் வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

மூன்றாவது காரணம், சத்துக் குறைவு. காய், கீரை, பழம் தின்னாத கிளிக்கு வைட்டமின் ஏ போதாது. அப்போதும் மூக்கு உறை சரியாக வளராது.

நான்காவது காரணம், பூச்சி. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிறு பூச்சி மூக்கில் துளை போடும். மூக்கைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்கும் சிறு கிளிகளுக்கு இது அதிகம் வரும். இதற்கு மருந்து உண்டு.

ஐந்தாவது காரணம், அடிபடுதல். மூக்கில் அடிபட்டால் அது கோணலாக வளரும்.

இந்த ஐந்தில் எது என்று நமக்குத் தெரியுமா? தெரியாது. அதனால்தான் டாக்டரிடம் போக வேண்டும்.

எதைக் கொடுக்கலாம்?

கொய்யா, பப்பாளி, கேரட், முருங்கைக்கீரை, முளைகட்டிய பச்சைப்பயறு, சோளக்கதிர் கொடுக்கலாம். பச்சை மிளகாயும் கொடுக்கலாம். கிளிக்கு அது காரமாகத் தெரியாது. மிளகாயின் காரத்தை உணரும் சக்தி பறவைகளுக்கு இல்லை.

கடிக்க, மருந்து அடிக்காத கொய்யாக் கிளையோ முருங்கைக் கிளையோ வைக்கலாம். நம் கடற்கரையில் கணவாய் ஓடு ஒதுங்கும். வெள்ளையாக, லேசாக இருக்கும். அதை நல்ல தண்ணீரில் சில நாள் ஊற வைக்க வேண்டும். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். உப்புப் போன பிறகு வெயிலில் காய வைத்துக் கூண்டில் கட்டலாம். கிளி அதைக் கொறிக்கும். சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

டீ, காபி, சாராயம், சாக்லேட், உப்பு போட்ட தின்பண்டம் கூடாது. வெண்ணெய்ப் பழம் என்னும் பட்டர் ஃப்ரூட் கிளிக்கு விஷம். ஒட்டாத பூச்சுப் போட்ட தோசைக்கல்லை வெறும் அடுப்பில் காய விட்டால் ஒரு புகை வரும். நமக்கு அது தெரியாது. அதே வீட்டில் இருக்கும் கிளி செத்துப் போகும்.

நமக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். நோய்ப்பட்ட கிளியின் எச்சம் காய்ந்து தூளாகிப் பறக்கும். அதை மூச்சில் இழுத்தால் நமக்குக் கிளிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வரும். நுரையீரலில் சளி கட்டும். கூண்டைத் துடைக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக் கொள்ளுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போனால், 'என் வீட்டில் கிளி இருக்கிறது' என்று மறக்காமல் சொல்லுங்கள். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

டாக்டர் சொன்ன இன்னொரு செய்தி

நாங்கள் எழுந்தோம். டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார்.

"அம்மா, இது எந்தக் கிளி தெரியுமா?"

"பச்சைக்கிளிங்க. தோளில சிவப்பு இருக்கே, பெரிய ஜாதி."

"ஆமாம். நம் தீவுக் காட்டின் கிளி. நோய்க்கு மருந்து கொடுப்பது என் வேலை. கொடுத்து விட்டேன். ஆனால் இதை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை."

அக்காவின் முகம் மாறியது.

இந்தியாவின் காட்டுக் கிளிகள் எல்லாம் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. பிடிக்கக் கூடாது. விற்கக் கூடாது. வாங்கக் கூடாது. கூண்டில் வளர்க்கவும் கூடாது. 2022 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. தண்டனை கூடியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு சினிமா நடிகர் வீட்டில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகள் இருந்தன. வனத்துறை அவற்றை எடுத்துக் கொண்டது. அவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

"நான் புடிக்கலையே டாக்டர். செத்துப் போயிருக்கும். காப்பாத்தினேன்" என்றார் அக்கா.

"காப்பாற்றியது நல்ல காரியம். அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது" என்றார் டாக்டர்.

சட்டம் ஏன் இப்படி இருக்கிறது? நமக்குக் கிளி என்றால் ஆசை. மதுரை மீனாட்சி கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குத் தினமும் இலையால் ஒரு கிளி செய்கிறார்கள். அதன் மூக்குக்கு மாதுளம்பூ வைக்கிறார்கள். அந்தக் கிளிக்கு நோவு இல்லை. உயிருள்ள கிளியைச் சந்தைக்குக் கொண்டு வரும் கதை வேறு. பொந்திலிருந்து குஞ்சுகளைப் பறிப்பார்கள். சில நேரம் மரத்தையே வெட்டுவார்கள். வழியில் பல குஞ்சுகள் செத்துப் போகும். ஒரு கூண்டுக் கிளிக்குப் பின்னால் செத்த கிளிகள் எத்தனையோ.

நம் தீவுகளுக்கு இது இன்னும் முக்கியம். அந்தமானின் பெரிய பச்சைக்கிளி தனி வகை. அதற்கு விஞ்ஞானிகள் வைத்த லத்தீன் பெயரில் 'மாக்னிரோஸ்ட்ரிஸ்' என்று ஒரு சொல் வருகிறது. பெரிய மூக்கு என்று பொருள். பாருங்கள், மூக்கே அதன் பெயர்! கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார் பக்கத்தில் நிக்கோபார் கிளி இருக்கிறது. தலையிலிருந்து வால் வரை ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளம். தாழம்பழத்தை விரும்பித் தின்னும். உலகில் வேறு எங்கும் அது காட்டில் இல்லை. தீவு சிறியது. இங்கே அழிந்தால் வேறு இடத்திலிருந்து வந்து சேராது.

அப்படியானால் எந்தக் கிளியையும் வளர்க்கக் கூடாதா? வெளிநாட்டு வகைச் சிறு கிளிகளை, கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பவற்றை, வளர்க்கலாம். மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை வளர்ப்பவர் 2024 ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். எதை வளர்த்தாலும் மூக்கு வளரும். மேலே சொன்ன எல்லாம் அவற்றுக்கும் பொருந்தும். வேண்டாம் என்று வெளியே திறந்து மட்டும் விட்டு விடாதீர்கள். அவை பட்டினியால் சாகும். அல்லது நம் தீவுப் பறவைகளுக்கு நோயைப் பரப்பும்.

அக்கா எழுதிய மனு

திரும்பி வரும்போது படகில் அக்கா பேசவில்லை. பெட்டி மடியில் இருந்தது. கரை வந்ததும் கேட்டார்: "ராத்திரி திறந்து விட்டுட்டா என்ன தம்பி? யாருக்குத் தெரியும்?"

அதையும் டாக்டரிடம் கேட்டிருந்தேன். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. சிறகில் பலம் இருக்காது. பருந்தைப் பார்த்தால் ஒளியத் தெரியாது. திறந்து விட்டால் இரண்டு நாள் தாங்காது. முதலில் தேற வேண்டும். பெரிய அடைப்பில் பறந்து பழக வேண்டும். அதற்கு வனத்துறையிடம்தான் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னேன்.

அன்று மாலை அக்கா வகுப்புக்கு வந்தார். "மனு எப்படி எழுதறதுன்னு சொல்லு. நானே எழுதறேன்" என்றார். இரண்டு மணி நேரம் எழுதினார். நான்கு காகிதம் கிழித்தார். கடைசியில் இப்படி எழுதினார்:

"வன அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் வீட்டில் ஒரு பச்சைக்கிளி இருக்கிறது. மூன்று வருடம் முன்பு காற்றில் விழுந்த மரத்தில் கிடைத்தது. அப்போது குஞ்சு. விலைக்கு வாங்கவில்லை. சட்டம் எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. கிளியை ஒப்படைக்கிறேன். மூக்கில் காயம் இருக்கிறது. டாக்டர் சீட்டு வைத்திருக்கிறேன். சோறும் டீயும் கொடுக்க வேண்டாம். கொய்யா பிடிக்கும். ராத்திரி இருட்டில் பயப்படும். துணி போட்டு மூட வேண்டும்.

இப்படிக்கு"

கீழே கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் அவர் எந்தக் காகிதத்திலும் கைநாட்டுத்தான் வைத்திருந்தார். அதே காகிதத்தின் பின்னால் நான் இந்தியில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். அலுவலர் மனுவை வாங்கிப் படித்தார். கிளியையும் டாக்டர் சீட்டையும் பெற்றுக் கொண்டதாக எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தக் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். தேதி மட்டும் படிக்க வந்தது.

"பறக்குமா ஐயா?" என்று கேட்டார்.

"சிறகு தேறட்டும் அம்மா. பார்க்கலாம்" என்றார் அலுவலர்.

அக்கா வீட்டுக் கூண்டு இப்போது காலியாக இருக்கிறது. அதில் கீரை நாற்று வைத்திருக்கிறார். கோழி கொத்தாமல் இருக்கிறதாம். "வீடு வெறிச்சுன்னு இருக்கு தம்பி" என்று சில நாள் சொல்வார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

மாலையில் வகுப்பு தொடங்கும் நேரம் கிளிக் கூட்டம் சத்தம் போட்டுக் கொண்டு மேலே போகும். அக்கா எழுதுவதை நிறுத்தி விட்டு அண்ணாந்து பார்ப்பார். நாங்களும் பார்ப்போம். பாராடாங்கில் கிளித் தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. பொழுது சாயும்போது ஆயிரக்கணக்கில் கிளிகள் அங்கே தங்க வரும். படகில் போய்ப் பார்க்கிறார்கள். வகுப்பு முடியும்போது எல்லோரும் ஒரு தடவை போக வேண்டும் என்று பணம் சேர்க்கிறோம். உண்டியல் அக்காவிடம் இருக்கிறது. கணக்கும் அவர்தான் எழுதுகிறார்.

நினைவில் வைப்போம்

1. கிளியின் மூக்கை வீட்டில் வெட்டக் கூடாது. உள்ளே ரத்தமும் நரம்பும் இருக்கின்றன.

2. மூக்கு நீண்டால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். எச்சக் காகிதத்தையும் எடுத்துப் போக வேண்டும்.

3. ரத்தம் வந்தால் சுத்தமான துணி, சோள மாவு, இருட்டு, அமைதி. பிறகு மருத்துவர்.

4. கிளியின் மார்பை அழுத்திப் பிடிக்கக் கூடாது.

5. இறகை உப்பிக் கொண்டு தூங்கினால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், தரையில் உட்கார்ந்தால் கிளிக்கு நோய். பறவை நோயை மறைக்கும். வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். நாளை என்று தள்ளக் கூடாது.

6. நம் நாட்டுக் காட்டுக் கிளியை வளர்ப்பது குற்றம். விழுந்த குஞ்சைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்வோம்.

பேசுவோம், எழுதுவோம்

1. உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது கூண்டில் கிளி இருக்கிறதா? அது என்ன தின்கிறது?

2. ஓர் ஆட்டின் குட்டி எடை 300 கிராம் குறைந்தால் நமக்குப் பெரிதாகத் தெரியாது. 250 கிராம் எடையுள்ள கிளி 25 கிராம் இளைத்தால் அது எத்தனையில் எத்தனை பங்கு? கணக்குப் போடுங்கள்.

3. அக்கா இடத்தில் நீங்கள் இருந்தால் மனுவில் என்ன எழுதுவீர்கள்? ஐந்து வரி எழுதிப் பாருங்கள்.